ஸ்லட்ஜ்: அலைக்கழிப்பு

ஸ்லட்ஜ் (பெயர்ச்சொல்): ஒருவர் தமக்கு உரியதைப் பெறுவதையோ, வேண்டாததிலிருந்து விலகுவதையோ தேவையில்லாமல் கடினமாக்கும் நடைமுறை. தமிழில்: அலைக்கழிப்பு.

ஒரு விண்ணப்பத்தை அலுவலகமோ நிறுவனமோ வெளிப்படையாக மறுத்தால், காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், வழக்குப் போடலாம். மறுக்காமல் "இன்னொரு சான்று வேண்டும்", "இந்தப் பிரிவு இல்லை, அந்தப் பிரிவு", "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? முடியாது என்று யாரும் சொல்லவில்லை, வேலையும் நடக்கவில்லை. பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இந்த நிலைக்குத்தான் ஆங்கிலத்தில் அண்மையில் ஒரு பெயர் கிடைத்தது.

ஸ்லட்ஜ் என்பதன் நேர்ப்பொருள் சேறு, கொழகொழத்த வண்டல். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்குகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அடியில் தங்குவதற்கும் இதே பெயர். அதைத் தமிழில் கசடு என்கிறோம். இன்றைய உருவகப் பொருளைப் பரப்பியவர் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2017இல் பெற்ற ரிச்சர்ட் தேலர். மக்களை நல்ல முடிவின் பக்கம் மெல்லத் தூண்டும் ஏற்பாட்டை 'நட்ஜ்' என்று அவரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் பெயரிட்டிருந்தார்கள். அதே உத்தியைத் தலைகீழாக்கி மக்களைச் சேற்றில் மாட்டிவிடுவதை 2018இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய குறுங்கட்டுரையில் தேலர் ஸ்லட்ஜ் என்றார்.

அவர் தந்த எடுத்துக்காட்டு சிறியது, ஆனால் அலைக்கழிப்பின் எல்லா உறுப்புகளும் அதில் இருக்கின்றன. ஒரு லண்டன் நாளிதழில் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டும். ஒரு மாதச் சோதனைச் சந்தா 1 பவுண்டு. கடன் அட்டை எண்ணைக் கொடுத்தாக வேண்டும். மாதம் முடிந்ததும் தானாகவே மாதம் 27 பவுண்டு பிடிக்கத் தொடங்கும். ரத்து செய்ய 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆக, ஒரு மாதம் என்று சொன்னது உண்மையில் இரண்டு வாரம்தான். அந்த முன்னறிவிப்பையும் லண்டனுக்குத் தொலைபேசியில் அழைத்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் பிரிட்டன் அலுவலக நேரத்தில், அழைப்புக் கட்டணம் நம்முடையது. சேருவதற்கு இணையம், விலகுவதற்குத் தொலைபேசி. இந்த ஏற்றத்தாழ்வுதான் அலைக்கழிப்பின் முதல் அடையாளம். வாசல் அகலமாகவும் வெளியேறும் வழி குறுகலாகவும் இருந்தால் அது தற்செயலாக அமைந்ததாக இருக்காது. சேருவதற்கு ஒரு நிமிடத்தில் இணையப் பக்கம் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு விலகுவதற்கும் அமைக்கத் தெரியும்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்கு அமேசான் வழக்கு பதிவாகியுள்ள சான்று. பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழி 4 பக்கம், 6 கிளிக், 15 தெரிவுகள் கொண்டதாக இருந்தது என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் தொடுத்த வழக்கில் குற்றம் சாட்டியது. அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காப்பியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை.

நிறுவனம் செய்தால் போட்டியாளரிடம் போகலாம். அரசு செய்தால் போக வேறு இடமில்லை. அதனால் அரசின் அலைக்கழிப்பு கூடுதல் கொடியது என்பது என் துணிபு. பமிலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹான் என்னும் ஆய்வாளர் இருவர் 2018இல் இதை மூன்று சுமைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: தனக்கு எது உரியது, எங்கே கேட்பது என்று கண்டுபிடிக்கும் சுமை, படிவம், சான்று, பயணம் என்று நிறைவேற்றும் சுமை, கெஞ்ச வேண்டியிருக்கிறதே, திருடனைப்போல் பார்க்கிறார்களே என்னும் மனச்சுமை. மூன்றாவதை எந்தக் கணக்கேடும் பதிவதில்லை. முதியவர்களையும் நோயாளிகளையும் பாதி வழியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதுதான்.

முதல் இரண்டையும் அளக்க முடியும். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் ஆவணச்சுமைக் குறைப்புச் சட்டப்படி, மத்திய அரசின் ஒவ்வொரு படிவமும் மக்களின் எத்தனை நேரத்தை எடுக்கும் என்று மதிப்பிட வேண்டும். அந்தச் சட்டப்படி பெற வேண்டிய அனுமதி எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. அப்படிக் கூட்டிய மொத்தம் 2010களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 1,100 கோடி மணி நேரத்தைத் தாண்டியது. நேரம் போனால் போகட்டும் என்று விட முடியாது, வாய்ப்பும் சேர்ந்து போகிறது. அங்கே கல்லூரி உதவித்தொகைக்கான படிவத்தில் 100க்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. வருமான வரிப் படிவம் நிரப்ப வந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, கையோடு அந்தப் படிவத்தையும் நிரப்பித் தந்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2012இல் வெளிவந்தன. உதவி பெற்ற வீட்டுப் பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளைப் படித்து முடித்தவர்களின் விகிதம் 28இலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தது. தகவல் மட்டும் கொடுத்து, படிவத்தை நிரப்பித் தராத இன்னொரு குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. "விழிப்புணர்வு இல்லாததால்தான் மக்கள் விண்ணப்பிப்பதில்லை" என்று சொல்லித் தப்பிக்கும் எவருக்கும் இது நேர்ப் பதில்.

அரசு அளவு மீறினால் அலைக்கழிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' என்ற கடன் வசூல் திட்டம் காட்டியது. அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரு வார வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படும். 2016 முதல் அரசு ஒரு கணினி முறையைப் புகுத்தி, வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து ஒப்பிடத் தொடங்கியது. ஒருவர் ஆண்டின் முதல் 13 இருவாரங்களில் 2,000 டாலர் வீதம் 26,000 டாலர் சம்பாதித்துவிட்டு, வேலை போனதும் மீதி 13 இருவாரங்கள் உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. கணினியோ 26,000ஐ 26ஆல் வகுத்து, "உதவித்தொகை வாங்கிய காலத்திலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறீர்கள், வாங்கியதைத் திருப்பிக் கட்டுங்கள்" என்று கடன் விதித்தது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குடிமக்கள் தலையில் விழுந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேட வேண்டும். வேலை கொடுத்த கடை மூடியிருக்கும். இதற்கென்று இருந்த உதவித் தொலைபேசி எண்ணைத் தொடக்கக் கடிதங்களில் அச்சிடவே இல்லை. 2019இல் அந்த முறை கைவிடப்பட்டது. 2023 ஜூலையில் வெளிவந்த, இதை விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை, அது நியாயமுமல்ல, சட்டப்படியானதுமல்ல என்று சொன்னது.

இனி தமிழுக்கு வருவோம். சேறு, சகதி என்று நேராகப் பெயர்ப்பது பயன்படாது. இத்தகைய நடைமுறைகளை ஆராயும் ஸ்லட்ஜ் ஆடிட்டைச் "சகதித் தணிக்கை" என்றால் சாக்கடை வாரியத்தின் வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். செந்நாடா என்பது வேறு. இங்கிலாந்தில் வழக்கு ஆவணங்களையும் அரசு ஆவணங்களையும் கட்டிவைத்த சிவப்பு நாடாவிலிருந்து வந்த அந்தச் சொல் விதிகளின் மிகுதியைக் குறிக்கும். விதியே இல்லாமலும் அலைக்கழிக்கலாம். மேற்சொன்ன நாளிதழ் செய்தது அதுதான். இழுத்தடிப்பு நெருங்கி வருகிறது, ஆனால் அது காலத்தை மட்டும் சொல்கிறது. கெடுபிடி வெளிப்படையான கடுமை. அலைக்கழிப்பவர் புன்னகையோடும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்ற பதிவுக் குரலோடும் செய்வார்.

அலைக்கழிப்பு மக்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல். அலைதல் என்றால் திரிதல், அலைத்தல் என்றால் பிறரை வருத்துதல். இந்த இரண்டாம் பொருள் பழமையானது. கொடுங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே (551) வருகிறது:

கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்
டல்லவை செய்தொழுகும் வேந்து.

இங்கே 'அலை' கடலலை அன்று, குடிமக்களை வருத்துதல். பொருளுக்கு ஆசைப்பட்டுக் குடிகளை அலைக்கும் அரசன் கொலைத் தொழில் செய்பவனைவிடக் கொடியவன் ஏன்? கொலைகாரன் தருவது ஒரு பொழுதைத் துன்பம், இவன் தருவது எப்பொழுதும் துன்பம் என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். ஒரே அடியாக வராமல் நாள்தோறும் சிறிது சிறிதாக வருவதால் கொடியது என்னும் இந்தக் கருத்தைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் மணிக்கணக்கில் அளக்கிறார்கள்.

இலக்கணமும் கைகொடுக்கிறது. அலைக்கழிந்தான் என்பது தன்வினை, அலைக்கழித்தான் என்பது பிறவினை. அதன்படி பட்டவர் பக்கம் அலைக்கழிவு, செய்தவர் பக்கம் அலைக்கழிப்பு. ஸ்லட்ஜ் என்ற ஒற்றைச் சொல்லில் செய்தவர் மறைந்துவிடுகிறார். சேறு தானாகக் கிடப்பதுபோல் ஒலிக்கிறது. "பொதுமக்கள் அலைக்கழிக்கப்பட்டனர்" என்று செய்தியாளர்கள் எழுதும்போதும் அவர் மறைந்துவிடுகிறார். எந்த அலுவலகம், எந்த நிறுவனம் அலைக்கழித்தது என்று எழுவாயோடு எழுதுவது நல்லது.

எல்லாத் தாமதமும் அலைக்கழிப்பு ஆகாது. கணக்கை நிரந்தரமாக அழிக்கும் முன் "உறுதியா?" என்று கேட்பதும், பெருந்தொகை அனுப்பும் முன் கடவுச்சொல்லை மறுபடி கேட்பதும் நம்மைக் காக்கும் தடைகள். அந்தத் தடையால் ஆதாயம் யாருக்கு, உள்ளே வரவும் வெளியே போகவும் அது ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஸ்லட்ஜ் ஆடிட் என்பதை அலைக்கழிப்புத் தணிக்கை எனலாம். ஒரு சேவையை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை படிகள், நிரப்ப வேண்டிய கட்டங்கள், இணைக்க வேண்டிய சான்றுகள், நேரில் போக வேண்டிய முறைகள், காத்திருக்கும் நாள்கள் ஆகியவற்றை எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் எந்த விதி கேட்கிறது, அந்தத் தகவல் ஏற்கெனவே இவர்களிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான சான்றுகள் இந்த இரண்டாம் கேள்வியிலேயே விழுந்துவிடும். ஜெர்மனி இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்கும் நிறுவனம் எளிதில் கண்ணில்படும் ரத்துப் பொத்தானை இணையதளத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வாடிக்கையாளர் முன்னறிவிப்பே இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

அகப்பட்டவர்கள் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது, தேவையான சான்றுகளின் முழுப் பட்டியலை விதி எண்ணோடு எழுத்தில் கேட்பது. சான்றுகளை ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. புகார்களைக் கையாளும் பல மென்பொருள்களில் "வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறது" என்று குறித்துவிட்டால் கெடுவின் கடிகாரம் நின்றுவிடும். புகாரை முடித்துப் புதிய எண் கொடுத்தால் பழைய தாமதம் கணக்கிலிருந்தே போய்விடும். ஆகவே புதிய எண் தந்தாலும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் எண்ணையும் முதல் தேதியையும் எழுதிக்கொண்டே வர வேண்டும். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலாக அனுப்பி, பேசியவர் பெயர், நேரம், சொன்ன வாக்குறுதி மூன்றையும் பதிய வேண்டும். "மறுபரிசீலனையில் இருக்கிறது" என்ற வாய்மொழியை நம்பி மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடுபவர்கள் மிகப் பலர். பரிசீலனை ஒரு பக்கம் நடக்கட்டும், கெடுவுக்குள் மேல்முறையீட்டைப் பதிந்துவிடுவதே பாதுகாப்பு.

சந்தாவில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. ரத்து செய்ய வழி கிடைக்காதபோது வங்கியில் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பிடித்தம் நின்றாலும் ஒப்பந்தம் நிற்பதில்லை. நிலுவை ஏறி, வசூல் முகவரிடம் போகலாம். முன்னறிவிப்பு நாள்களைப் புதுப்பிப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கும் சில நாள் முன்பே ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகுதான் வங்கியில் பிடித்தத்தை நிறுத்த வேண்டும்.