இரும்பாணி ‘காந்தப் பொருள்’ அல்ல

தொடக்கப் பள்ளிப் பயிற்சித்தாள்களில் ஓயாமல் வரும் கேள்வி இது: ‘காந்தப் பொருள்கள், காந்தமற்ற பொருள்கள் எனப் பிரித்து எழுதுக.’ கீழே இரும்பாணி, குண்டூசி, அழிப்பான், மரக்குச்சி. ஆணியையும் குண்டூசியையும் ‘காந்தப் பொருள்’ என்று எழுதினால் மதிப்பெண். இந்தச் சொல்லாக்கம் தவறு.

காந்தம் என்பதில் சிக்கல் இல்லை. ‘அயஸ்காந்தம்’ என்ற வடசொல்லில் அயஸ் இரும்பு, காந்தம் விருப்பத்துக்குரியது. அது சுருங்கி நம்மிடம் நிலைத்தது. ‘காந்து’ என்னும் தமிழ் வினையே வேர் என்பாரும் உண்டு. அவ்வினை எரிதலையும் சுடுதலையும் குறிப்பதால் எனக்கு அது பொருந்தவில்லை. ஆங்கில மேக்னட், மக்னீசியா என்ற கிரேக்க இடப்பெயரின் வழி வந்தது. எப்படியானாலும் காந்தம் வழக்கில் ஊறிய சொல்; அப்படியே இருக்கட்டும்.

கேடு ‘பொருள்’ சேரும்போது வருகிறது. இரும்புப் பொருள் இரும்பால் ஆனது, மரப்பொருள் மரத்தால் ஆனது. அப்படியானால் காந்தப் பொருள்? காந்தத்தால் ஆனது என்றுதான் குழந்தை கொள்ளும். தமிழ் அதற்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதே பாடத்தில் ‘காந்த ஊசி’ வருகிறது. அந்த ஊசி தானே ஒரு காந்தம். அதனால்தான் வடக்கு தெற்காக நிற்கிறது. காந்த ஊசி காந்தமாக இருக்க, காந்தப் பொருளான ஆணி மட்டும் ஏன் காந்தம் இல்லை? இப்படிக் கேட்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

‘காந்தத் தன்மையுள்ள பொருள்’ என்ற மாற்று இன்னும் மோசம். இனிப்புத் தன்மையுள்ளது தானே இனிக்கும். சாதாரண ஆணியோ இன்னோர் ஆணியை ஈர்ப்பதில்லை. காந்தத்தில் தொங்கும்போது குண்டூசியைத் தூக்கும். காந்தத்தை விலக்கினால் அந்த வலிமை பெரும்பாலும் போய்விடும். காந்தத்தின் எந்த முனையைக் காட்டினாலும் ஆணி ஈர்க்கப்படும், ஒருபோதும் விலகாது. ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்குவதே இரண்டும் காந்தங்கள் என்பதற்கு உறுதியான சான்று. குழந்தை கையால் செய்து கண்டுகொள்ள வேண்டிய இந்த வேறுபாட்டைத்தான் பாடத்தின் தலைப்பே அழித்துவிடுகிறது.

‘காந்தம் ஈர்க்கும் பொருள்’, ‘காந்தம் ஈர்க்காத பொருள்’ என்பவையே சரி. நீளம் என்று குறை சொல்வார்கள். ஒரு சொல் கூடினால் என்ன? யார் ஈர்க்கிறார், யார் ஈர்க்கப்படுகிறார் என்பது அதில் தெளிவாக நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘மேக்னடிக்’ போன்ற ஆங்கிலப் பெயரடையைக் கண்டதும் ஒரு பெயர்ச்சொல்லை முன்னால் ஒட்டிவிட்டு நகர்கிறார்கள். ‘ஈர்க்கும்’ போன்ற தமிழின் பெயரெச்சம் பயனின்றிக் கிடக்கிறது.

‘காந்தத்தில் ஒட்டும் பொருள்’ என்பதையும் ஏற்க மாட்டேன். பசைதான் ஒட்டும். காந்தம் தொடாமலே, தாளுக்கு அப்பாலிருந்தும் இழுக்கும். ‘காந்தம் உலோகங்களை ஈர்க்கும்’ என்ற வரியோ வெறும் பிழை: செம்பு, அலுமினியம், பொன் எதையும் அது இழுத்துக் காட்டாது. இரும்பு, நிக்கல், கோபால்ட், இவை கலந்த சில உலோகக் கலவைகள் என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும். எவர்சில்வரில்கூடச் சில வகைகள் ஈர்க்கப்படும், சில ஈர்க்கப்படா. அதைக் குழந்தைகளே சோதித்துப் பார்க்கட்டும்.

மேல்வகுப்பில், இரும்பைப் போலக் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படுபவற்றுக்கு ‘ஃபெர்ரோ காந்தப் பொருள்’ என்ற பெயர் வருவதில் எனக்குத் தடையில்லை. அங்கே அது வரையறையோடு வருகிறது.