அனிலீன்: அவுரியில் பிறந்த பெயர்

அனிலீன் என்பது எண்ணெய் போன்ற ஒரு திரவம், செயற்கைச் சாயங்களுக்கு மூலப்பொருள். பெயர் வந்தது அவுரிச் செடியிலிருந்து. 1840-ல் ஃபிரிட்சே என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தைக் காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது இது கிடைத்தது. அவுரிக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘அனில்’ என்று பெயர், அதையே சூட்டிவிட்டார். அந்த அனில் அரபியின் ‘அந்நீல்’. அதற்கு மூலம் பாரசீக ‘நீல்’, அதற்கும் முன்னால் வடமொழி ‘நீலி’. நாம் சொல்லும் நீலத்துக்கு இது உறவு. (அணிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) செடியோடு உறவு பெயரளவில்தான், அப்புறம் தொழிற்சாலைகள் நிலக்கரித் தாரிலிருந்தே அனிலீனுக்கு வழிகண்டன.

1895-ல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். ‘அனிலீன் புற்று’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் முதன்மைக் குற்றவாளிகள் அனிலீனுக்கு உறவான வேறு சேர்மங்கள்: 2-நாஃப்தைலமீன், பென்சிடின். 2-நாஃப்தைலமீன் கொடுத்த நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததை 1938-ல் ஹியூப்பர் காட்டினார்.

சாயப்பட்டறைப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். காரணம் சிகரெட். அதன் புகையில் 2-நாஃப்தைலமீனும் இருக்கிறது, அதைப் போன்ற 4-அமினோபைஃபினைலும் இருக்கிறது. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகம் வடிகட்டிய பிறகு, இவை சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தேங்கி உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். புகைப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிடக் குறைந்தது மூன்று மடங்கு. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புகைதான் காரணம்.

இதன் முன்னால் உணவின் பங்கு சிறியது, ஆனால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே நடக்கிறது. 1991-ல் காப்பியைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2016-ல் விடுவித்துவிட்டது. சர்க்கரைக்கு மாற்றான செயற்கை இனிப்பு சாக்கரின் எலிகளுக்குக் கட்டி வரவழைத்தது உண்மை. அது நடக்கும் விதம் மனிதருக்குப் பொருந்தவில்லை என்று 2000-ல் அமெரிக்க அரசின் புற்றுக்காரணிப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்து ஆபத்து குறையும் என்பது நியாயமான ஊகம், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தைவானிலும் வட சிலியிலும் ஆர்செனிக் கலந்த குடிநீரே இந்நோயைக் கொண்டுவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அனிலீனை அப்படியே விடலாம். ‘அவுரியம்’ என்று ஆக்கினால் செடியின் மேல் வீண்பழி விழும். அனிலீன், 2-நாஃப்தைலமீன் முதலியவை அடங்கிய சேர்மக் குடும்பத்தை ‘நறுமண அமீன்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட பென்சீன் வளையத்தைக் குறிக்கும் இடத்தில் நறுமணம் என்றால் ஊதுபத்தி ஞாபகம்தான் வரும்; ‘அரோமேட்டிக் அமீன்’ போதும். ‘அனிலீன் புற்று’ என்பதற்கு மட்டும் ‘சாயத்தொழில் புற்று’ என்பது மூலத்தைவிடச் சரியான பெயர்.