கொசஸ்தலையாறு கடலுக்குப் போயாக வேண்டும்

கொசஸ்தலையாற்றின் குறுக்கே உள்ள பூண்டி ஏரியின் மதகுகள் திறக்கப்படும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வடசென்னையில் ஒரே பேச்சுதான். “இவ்வளவு தண்ணீரும் எண்ணூரில் போய்க் கடலோடு கலந்து வீணாகிறதே, கோடையில் நாம் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடக்கிறோமே” என்று டீக்கடையிலும் கேட்கிறேன், பொறியாளர்கள் கூடும் கூட்டங்களிலும் கேட்கிறேன். ஆதங்கம் நியாயமானது. கணக்குதான் தவறு: கடல்வரை மெதுவாக ஓடும் ஆற்றுநீர்தான் வழியில் நிலத்தடியை நிரப்பி, கடல் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கிறது.

நிலத்தடி நீரை அளப்பதும் சோதிப்பதும் என் தொழில். மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டூர்ப் பக்கத்துக் கிணறுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு காலத்தில் சென்னைக்கே குடிநீர் கொடுத்த மண் இது. இன்று இங்கே பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகிறது. வாயில் வைத்தால் கரிக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்ததும், நிலத்துக்கு அடியிலிருந்து நாம் அளவு மீறி இறைத்ததும் சேர்ந்து செய்த வேலை இது.

கொசஸ்தலையாறு சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்து மலைகளிலிருந்தும் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரியிலிருந்தும் அதற்கு நீர் வருகிறது. வழியில் எத்தனை கைகள் அதைத் தொடுகின்றன என்று பாருங்கள். மேலே ஆந்திரத்து அணைகள். கேசாவரத்தில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 3,231 மில்லியன் கன அடி வரை பிடித்து வைக்கும். அதற்கும் கீழே, 1870-களின் குடிநீர்த் திட்டத்திலேயே தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரத்துக்கும் அங்கிருந்து புழலுக்கும் தண்ணீர் திருப்பப்பட்டது. பிறகு வள்ளூர் அணைக்கட்டு, புதிய தடுப்பணைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, பெரும்பாலும் நல்ல காரணம்தான்: நகரம் குடிக்க வேண்டும், வயல் விளைய வேண்டும். ஆனால் இத்தனை பேரும் எடுத்துக்கொண்ட பிறகு, நல்ல மழை பெய்யாத ஆண்டில் கடைமடையான எண்ணூருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மேலே ஓடுவதை எடுத்தது போதாமல் கீழே இருப்பதையும் எடுத்தோம். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகை ஆராயப்பட்டது. ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணலில் ஏராளமான நன்னீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இரவு பகலாக மோட்டார்கள் ஓடின.

கடலோர நிலத்தடியில் நன்னீர் கனம் குறைந்தது, ஆகவே உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்பு 40 மீட்டர் மேலேறும். மீஞ்சூர்ப் பக்கம் 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை, 1983-இல் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. பதினான்கே ஆண்டுகள். 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபோது மீஞ்சூர் விவசாயிகள் பலர் ஏற்கெனவே நெல்லைக் கைவிட்டிருந்தார்கள். அந்த ஊர்களின் வரப்பில் நின்று பேசும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உப்பு ஏறிய மணலைக் கழுவி மீட்க எத்தனை மழைக்காலங்கள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இதன்மேல்தான் பருவநிலை மாற்றம் வந்து ஏறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏந்தும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். வங்கக் கடலும் சூடேறி வருகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்வது பழைய வழக்கம். அந்த மழையும் இப்போது ஒரு சில நாள்களுக்குள்ளேயே குவிந்து கொட்டுகிறது. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் மணல் படுகைக்குத் தேவை மெதுவாக, பல வாரங்கள் ஓடும் தண்ணீர். நான்கு நாளில் பாய்ந்தோடும் வெள்ளம், அளவில் அதற்குச் சமமாகவே இருந்தாலும், அந்தப் படுகையை நிரப்பாது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து பெருமளவு திறந்தபோது மணலி புதுநகரும் சடையங்குப்பமும் மூழ்கின. அதே ஆறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது.

எது மனிதக் கையின் வேலை, எது வானத்தின் வேலை என்று பிரித்துக் காட்ட முடியுமா? உலக அளவில் முயன்றிருக்கிறார்கள். 7,250 ஆற்று அளவீட்டு நிலையங்களின் 1971 முதல் 2010 வரையான பதிவுகளை வைத்து 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மத்திய தரைக்கடல் பகுதியிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் ஆறுகள் மெலிந்திருக்கின்றன, ஸ்காண்டிநேவியாவில் பெருத்திருக்கின்றன. பாசனத்தையும் அணைகளையும் நிலப் பயன்பாட்டையும் மட்டும் கணக்கில் கொண்டால் இந்த மாற்றங்கள் விளங்கவில்லை. பருவநிலை மாற்றத்தைச் சேர்த்த பிறகே பதிவுகளோடு பொருந்தின. இது உலகப் படம். ஒரு நகரம் முழுவதும் குடிக்கிற சிறிய ஆற்றில் மனிதக் கைதான் கனமானது என்பது என் கருத்து. அதனால் எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போட்டுக் கைகழுவ நமக்கு உரிமை இல்லை.

முகத்துவாரத்துக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். ஆற்று நீர் உந்தித் தள்ளாத மாதங்களில் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கிறது. இறால் குஞ்சு வளர நன்னீரும் உப்புநீரும் கலந்த கழி, அதாவது முகத்துவாரத்து நீர்ப்பரப்பு, வேண்டும். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் மீனவர்கள் இதைப் பல்லாண்டாகச் சொல்லி வருகிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் நிலம் நிரப்புதலும் கழியை வேறு சுருக்கிவிட்டன. வெள்ளம் போகவும் இடமில்லை, இறால் வளரவும் இடமில்லை.

பூண்டி நிரம்பி வழியும் கட்டம் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே சிறிது சிறிதாகப் பல நாள்களுக்கு விடலாம். கீழே படுகையும் நனையும், வெள்ளமும் தணியும். கழியின் எஞ்சிய பரப்பில் இனி ஒரு லாரி மண்கூட விழக்கூடாது. தொழிற்சாலைகள் நன்னீர் கேட்பதை நிறுத்த வேண்டும். இது நடக்காத காரியமல்ல. கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. அதுபோல இன்னும் வேண்டும்.

வீட்டில் போர்வெல் வைத்திருப்பவர்கள், தண்ணீர் கரிக்கிறது என்று இன்னும் ஆழமாகத் துளைக்காதீர்கள். கடலோரத்தில் ஆழத்தில்தான் உப்பு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, உப்பைக் காட்டும் குளோரைடு அளவைக் கேளுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு ஆதாரமே இல்லாதபோது 1,000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. மழைக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் உங்கள் தெருவுக்குக் கீழே உப்பு நகர்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டாரின் எண்களையும் தேதியோடு எழுதிச் சேர்த்து, கிராம சபையிலோ வார்டு அலுவலகத்திலோ கொடுங்கள். ஒரு தெருவே ஆண்டுதோறும் எழுதி வைத்த எண்கள் கையில் இருந்தால், பூண்டியிலிருந்து எப்போது, எவ்வளவு திறப்பது என்ற பேச்சில் கடைமடைக்காரரும் உட்கார முடியும்.