நிற்கும்போது வரும் அந்த ஜெர்க்

வேளச்சேரியில் 15 வருடமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், மாமியாரையும் பின்சீட்டில் கூட்டி வந்தார். வேகம் 40-ஐத் தாண்டவில்லை. பிரேக்கையும் முரட்டுத்தனமாக மிதிக்கவில்லை. ஆனாலும் சிக்னலில் வண்டி நின்ற கணத்தில் மாமியாரின் தலை வெடுக்கென்று பின்னால் போய் மோதியது. "மெதுவாத்தானே வந்தே, கழுத்தைப் பிடிச்சு இழுக்குதேம்மா" என்றார்.

வேகம் மாறும் வீதம் முடுக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த முடுக்கமே எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதுதான் ஜெர்க். காலடியில் சாம்பார் தூக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராகப் பிரேக் பிடித்தால் சாம்பார் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நிற்கும். பிடியைச் சட்டென்று மாற்றினால்தான் தளும்பிக் கொட்டும்.

அன்று நடந்ததும் அதுதான். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். 5 நொடியில் நிறுத்த, நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் குறைய வேண்டும். அதே அழுத்தத்தோடு கடைசிவரை மிதித்திருந்தால், சக்கரம் நிற்கும்போது அந்த 2 ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பூஜ்யமாகிவிடும். 2-ஐ 0.1-ஆல் வகுத்தால் ஜெர்க் 20. அதையே ஒரு நொடி எடுத்துத் தளர்த்தினால் வெறும் 2. ஓட்டுபவருக்கு இது உறைக்காது. பெடலில் இருப்பது அவர் கால், உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். பின்சீட்டுக் கழுத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

அதனால் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்ததும் பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்துங்கள். காலை முழுக்க எடுக்க வேண்டாம். நின்றபின் அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பெண் நாலாவது சிக்னலில் இப்படி நிறுத்தியபோது, "நின்னுடுச்சா?" என்று கேட்டார் மாமியார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இதற்குச் சில மீட்டர் கூடுதலாக வேண்டும், பிரேக்கை முன்கூட்டியே தொட வேண்டும். இடைவெளி விட்டால் ஆட்டோ புகுந்துவிடும் என்பார்கள். புகுந்தால் புகட்டும், பின்சீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ இருக்கலாம்.

குறுக்கே குழந்தை ஓடிவந்தால் மட்டும் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பயந்துபோய்க் காலை எடுக்காதீர்கள்.