மிச்சம் பிடிக்கும் அறை வாடகை: மலைநாட்டில் பஸ் டூர் ஒழுங்கு செய்பவர்களுக்கு

தோட்டத்தில் டூர் பேச்சு கிளம்பியதும் முதலில் வருவது தலைக் கணக்கு. எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு, சமையல் சாமான் யார் பொறுப்பு. அடுத்தது பஸ். அதெல்லாம் முடிந்த பிறகு, சின்ன விஷயம் மாதிரி ஒன்று தீர்மானமாகும்: "ராத்திரி பத்து மணிக்குக் கெளம்பினா விடிய கதிர்காமம், ரூம் காசு மிச்சம்." வாகனங்களின் பிரேக்கையும் சாரதிகளின் பழக்கத்தையும் நாள்தோறும் பார்க்கிற எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்தத் தீர்மானம்தான்.

ஹட்டனில் இரவு பத்துக்குக் கிளம்புகிற பஸ் நுவரெலியாவைத் தாண்டும்போது நள்ளிரவு. வெலிமடை, பண்டாரவளை கடந்து எல்ல நகருக்கு வரும்போது மணி இரண்டரை, மூன்று. அங்கிருந்து வெல்லவாய வரை ஏறக்குறைய 800 மீட்டர் உயர இறக்கம், முழுக்க வளைவு. உடம்பு தூக்கத்துக்கு மிகவும் இழுக்கிற நேரம் அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரை. அறைக் காசு மிச்சம் பிடிக்கிற திட்டம், வழியிலேயே மோசமான இறக்கத்தை மோசமான நேரத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்தது கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடிந்து திரும்பியவர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் இருட்டில், களைத்த உடம்போடு, தெரியாத இறக்கத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்களை அனுப்புவதா இல்லையா என்பது டூர் ஒழுங்கு செய்கிறவரின் கையில் இருக்கிறது.

சாரதி பக்கத்தையும் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழும்பி, பகல் முழுக்க ரூட் ஓடிவிட்டு, இரவு உங்கள் ஹயருக்கு வருகிறவர் பதினொரு மணியோடு 17 மணித்தியாலம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் அளந்து சொல்லியிருக்கின்றன. பஸ் பேசப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல: "அண்ணே, அதுக்கு மொத நாள் உங்களுக்கு எங்க ஹயர்?" பதில் இழுத்தால் வேறு பஸ் பாருங்கள். இரண்டு சாரதி வருவார்கள் என்று சொன்னாலும் இரண்டாமவர் எங்கே தூங்குவார் என்று கேளுங்கள். கடைசி சீட்டில், பாட்டுப் பெட்டிக்குக் கீழே கண்ணை மூடிக் கிடப்பது தூக்கமாகாது.

இதே பயணத்தை இப்படி மாற்றிப் போடலாம். காலை ஐந்துக்கு ஹட்டன். ஏழுக்கு நுவரெலியா, அங்கே டீ. பத்து மணியளவில் எல்ல, அரை மணி நேரம் எல்லோரும் இறங்கி நிற்க, சாரதியும் இறங்கிக் கால் நீட்டட்டும். பதினொன்றரைக்குள் வெல்லவாய, பகல் சாப்பாட்டு நேரத்தில் கதிர்காமம். மாலைப் பூஜை பார்த்துவிட்டு இரவு மடத்தில் தங்கல். அடுத்த நாள் நன்றாக விடிந்த பிறகு கிளம்பினால் ஏற்றம் முழுவதும் வெளிச்சத்தில் முடியும், மூன்று மணிக்குள் வீடு. புத்தல – கதிர்காம வீதியில் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் யானை நிற்கும். பழம் கொடுத்துப் படம் எடுக்க பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர்களைக் கண்டிப்பாக அடக்க வேண்டும். அப்படிக் கொடுத்துப் பழக்கியதால்தான் அவை வாகனத்தை மறித்து நிற்கின்றன. மடத்துச் செலவை முப்பது பேருக்குப் பிரித்துப் பாருங்கள். மாவு ரொட்டி, பிளேன் டீக்கு வழியில் செலவாகிற காசுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

இனி இறக்கம். ஆளும் சாமானுமாக 6 டன் வருகிற ஒரு ரோசா (சின்ன) பஸ் 800 மீட்டர் இறங்கும்போது அதிலிருந்து வெளியேற வேண்டிய சக்தி, சுமார் 150 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மொத்தமும் சக்கரங்களில் உள்ள நான்கு பிரேக் ட்ரம்முக்குள் போகும். லைனிங் சூடாகிப் பிடிமானம் குறையும். பிரேக் ஒயில் பழையதாக இருந்தால் அதில் ஊறிய ஈரம் ஆவியாகி, பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். டொட் 3 தரப் புதிய பிரேக் ஒயில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஊறியது 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். ஏறும்போது போட்ட கியரில், முடிந்தால் அதற்கும் ஒன்று கீழே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள். ஒட்டோமெட்டிக் வேனானாலும் கியர் லீவரை D-யில் விட்டு இறங்கக் கூடாது, 2 அல்லது L-க்கு மாற்ற வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், வண்டி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அரை மணி நேரம் செலவழியுங்கள். ஒயில் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஒயில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்: நல்ல ஒயில் வெளிர் நிறம், பிளேன் டீ நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தி, மிதியை நான்கைந்து தடவை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சேர்வோவில் (மிதிக்கு பலம் கூட்டும் பாகம்) வேலை இருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் அறுபது எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் எங்கோ கசிகிறது. காற்று பிரேக் பஸ்ஸில் காற்று டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்துவிடச் சொல்லுங்கள். நன்றாகப் பராமரித்த பஸ்ஸில் காற்று மட்டும் சீறும். பால் கலந்த டீ மாதிரித் தண்ணீரும் ஒயிலுமாகக் கொட்டினால் பல நாளாக யாரும் திறக்கவில்லை. காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் காற்றழுத்த மீட்டரின் முள் 3 பிஎஸ்ஐக்கு (அழுத்த அளவு) மேல் இறங்கக் கூடாது. மீண்டும் மீண்டும் மிதித்துக் காற்றைத் தீருங்கள். 60 பிஎஸ்ஐ அளவில் அலாரம் அடிக்க வேண்டும். (பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது இதற்காகவும்தான். சத்தமாக இருந்தால் சாரதிக்கு அந்த அலாரம் கேட்காது.) எக்ஸோஸ்ட் பிரேக் (புகையை அடைத்து எஞ்சினால் வேகம் குறைப்பது) பொத்தான் வேலை செய்கிறதா என்பதையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல பஸ்களில் பொத்தான் இருக்கும், வயர் இருக்காது.

பத்திரங்களைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், ரூட் பஸ் என்றால் அந்த டூருக்கான தற்காலிக அனுமதி. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 33 ஆசனம் வரை டி1 வகுப்பு, அதற்கு மேல் டி வகுப்பு இருக்க வேண்டும்.

வழியில் கவனித்துக்கொண்டு வர வேண்டியவர் முன் சீட்டில் இருப்பவர். அந்த இடத்தை விழித்திருக்கக்கூடிய, சாரதியிடம் தயங்காமல் பேசக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். கருகின ரப்பர் மாதிரி ஒரு வாடை, சக்கரத்துப் பக்கம் மெல்லிய புகை, முன்பைவிட ஆழமாகப் போகிற மிதி: மூன்றில் எது வந்தாலும் அகலமான இடம் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும். டயருக்குக் கட்டை வையுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விழும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, சமதரையில் பிரேக் பிடித்துப் பார்த்து, பிறகுதான் இறங்க வேண்டும். பஸ்ஸுக்குள் நின்று ஆடுவதையும் இறக்கத்தில் நிறுத்துங்கள். முப்பது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் அது சாரதிக்குத் தெரியும். சமையல் சாமான் கூரையில் ஏறக் கூடாது. 12.5 கிலோ சிலிண்டர் கொண்டுபோனால் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி, ஆள் இருக்கும் இடத்துக்கு வெளியே டிக்கியில் கட்டி வைக்க வேண்டும்.

குறுக்கு வழிக்கு ஆசைப்படவே வேண்டாம். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் வேன் ஒன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி, அவற்றில் இருந்த 7 பேர் இறந்தார்கள். தலவாக்கலைப் பக்கம் போகிற பஸ் பெரிய வீதியிலேயே போகட்டும்.

மழையை மாதத்தைப் பார்த்துக் கணக்கிடலாம். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கம் நனையும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கம். மார்ச் – ஏப்ரலிலும், ஒக்டோபர் – நவம்பரிலும் பகல் தாண்டி இடி மழை இறங்கும், அந்த மாதங்களில் மலை வீதியை இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும். 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு. உங்கள் ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது, பஸ் கடக்கிற ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளை உலுக்கிய பிறகு இதில் அலட்சியம் காட்டவே கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியூலன்ஸ் 1990. சிக்னல் இல்லாத இடம் வழியில் நிறைய இருப்பதால் ஆட்களின் பெயர், தொலைபேசிப் பட்டியல் ஒன்று பஸ்ஸிலும் ஒன்று வீட்டில் நிற்பவரிடமும் இருக்கட்டும். சீனி, பிரஷர் மாத்திரைகள் அவரவர் கைப்பையில், டிக்கியில் அல்ல.

எச்சரிக்கை வந்தும் போவது பெரும்பாலும் அட்வான்ஸ் காசு போய்விடும் என்ற பயத்தால். ஆகவே அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் துண்டில் தொகைக்குக் கீழே நான்கு வரி: வருகிற சாரதியின் பெயர். முதல் நாள் இரவு அவருக்கு வேறு ஹயர் இல்லை. கிளம்புவது காலை ஐந்து, இருட்டில் மலை இறக்கம் இல்லை. போகிற வழியில் எங்காவது செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அதே காசுக்கு இன்னொரு நாள். பஸ்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு காசை எண்ணிக் கொடுங்கள்.