ஓபி ரிட்டர்ன்: சொல் விளக்கம்

பிட்காயின் பரிவர்த்தனையில் பணத்தோடு சம்பந்தமில்லாத தரவை எவ்வளவு எழுதலாம் என்று 2025-இல் மூண்ட சண்டை இந்தச் சொல்லைச் சுற்றித்தான். பிட்காயின் நிரலில் வரும் ஓர் ஆணை (OP_RETURN) இது.

'ஓபி', ஆப்பரேஷனின் சுருக்கம். 'ரிட்டர்ன்', நிரல்மொழிகளில் விடையோடு திரும்புவது. தமிழில் நிரல் எழுத உதவும் எழில் நிரல்மொழி இதைப் 'பின்கொடு' என்கிறது. அருமையான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. ஆரம்பத்தில் இந்த ஆணை, காசைச் செலவழிக்க உரிமை உண்டா என்ற சரிபார்ப்பை அந்த இடத்திலேயே நிறுத்தியது. அதற்கு முன்னால் '1' (அதாவது 'சரி') என்று எழுதிவிட்டால் சரிபார்ப்பு வென்றதாகிவிடும்; எவர் காசையும் எவரும் எடுக்கலாம். 2010-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அன்றுமுதல் இந்த ஆணை வந்தாலே சரிபார்ப்பு தோற்கும். இதைப் போட்டுப் பூட்டிய காசு எங்கும் செல்லாது.

ஆகவே 'செல்லாக்குறி' என்பதே சரியான தமிழ். செல்லாக்காசு நமக்குப் பழகிய சொல்தானே. தொகையை 0 என்று வையுங்கள். பணம் போட்டால் போனது போனதுதான்.

செல்லாது என்பதில்தான் இதன் பயன். முன்பு தரவைப் போலி முகவரிகளாக மாற்றி எழுதினார்கள். போலி எது என்று கணுக்களுக்கு (பிட்காயின் மென்பொருளை ஓட்டும் கணினிகளுக்கு) தெரியாததால் செலவாகாத காசுப் பட்டியலில் அவை நிரந்தரமாகத் தங்கின. செல்லாக்குறி அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. பெரும்பாலான கணுக்கள் ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரின் 0.9 பதிப்பு (2014) இதில் 40 பைட் அனுமதித்தது. பிறகு 80 ஆனது. ஆணைக்கு 1, நீளக்குறிப்புக்கு 2 சேர்த்து 83. யூடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' மட்டுமே 21 பைட்.

'வரம்பு' என்ற சொல்லையும் இங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது அவரவர் வயலின் வரப்பு. 83 என்று வைத்தால் அதைத் தாண்டியதை உங்கள் கணு பிறருக்குக் கடத்தாது, அவ்வளவே. பரிவர்த்தனைகளைத் தொகுதிகளாகக் கட்டும் சுரங்கரிடம் நேரே கொடுத்துத் தொகுதியில் ஏற்றிவிட்டால் அதை உங்கள் கணுவும் ஏற்றாக வேண்டும். எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி, தொகுதிக்கு 40 லட்சம் எடை அலகு என்பது. 2023-இல் ஆர்டினல்ஸ் என்ற முறை, படங்களைப் பரிவர்த்தனையில் கையொப்பங்கள் இருக்கும் சாட்சிப் பகுதியில் எழுதியது. மற்றப் பகுதிகளைப் போல் அங்கே ஒரு பைட்டுக்கு 4 எடை அலகு அல்ல, 1 அலகுதான். இந்த வரப்பு அதைத் தடுக்கவே இல்லை.

2025 அக்டோபரில் வந்த கோர் 30, இயல்பு அளவை 1,00,000 பைட்டாக்கியது. பிட்காயின் பணத்துக்கானது, கிடங்கு அல்ல என்போர் இறுக்கமான வரம்புள்ள நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அவர்கள் கேட்கும் கருவியான இந்த வரம்புதான் வலுவற்றது. கோரிலேயே 'டேட்டாகேரியர்சைஸ்' அமைப்பை 83 ஆக்கலாம். அப்போதும் தொகுதிகள் முழுதாகவே உங்கள் வட்டுக்கு வரும். இடம் மிச்சமாக வேண்டுமானால் பழைய தொகுதிகளை நீக்கும் 'ப்ரூன்' அமைப்பைத்தான் நாட வேண்டும்.