குட்டிநாயின் கண்ணில் நீர் வடிந்தால் இமையைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோப்புக் காவலுக்கு ராட்வீலர், லாப்ரடார் குட்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். கண்ணில் நீர் வடிகிறதென்று தூக்கி வருகிறவர்கள் காற்றின்மேல்தான் பழி போடுவார்கள். "ஏனுங்க டாக்டர், ஆடிக்காத்துல தூசி விழுந்திருச்சாட்ட இருக்குங்க."

தூசி என்றால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீர் வடிகிறது, குட்டி கண்ணைச் சுருக்கியே வைத்திருக்கிறது, வெளிச்சத்துக்கு வர மறுக்கிறது என்றால் இமை விளிம்பைப் பாருங்கள். அது உள்பக்கம் மடிந்திருக்கலாம். இதை என்ட்ரோபியன் என்போம். கண் சிமிட்டும்போதெல்லாம் இமைமுடி கருவிழியை உரசும். உரசிய இடம் புண்ணாகும். முற்றினால் கருவிழியில் ஓட்டை விழுந்து கண்ணே போய்விடும்.

வலியால் கண்ணை இறுக்கினாலும் இமை மடங்கும். அதனால் முதலில் மரப்புச் சொட்டு விட்டுப் பார்ப்போம். வலி அடங்கிய பிறகும் மிஞ்சும் மடிப்புதான் இமையின் சொந்தக் குறை. அப்புறம் ஃப்ளூரசீன் சாயம். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும்.

இதைப் பார்க்காமலே மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தை விடுகிறார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, கருவிழி கரையவும் கூடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் மடிந்த இமையை நிமிர்த்தாது.

குட்டிக்கு உடனே கத்தி வைப்பதில்லை. முகம் வளரும்போது சிலவற்றுக்குத் தானாகவே சரியாகும். அதுவரை இமையை வெளியே இழுத்துத் தற்காலிகத் தையல் போடுகிறோம். சுருக்கத்தோல் கொண்ட ஷார்பே குட்டிகளுக்குச் சில வார வயதிலேயே இது தேவைப்படும். நிரந்தர அறுவை சிகிச்சை முகம் வளர்ந்து முடிந்த பிறகுதான். பெரிய இனங்களுக்கு ஒரு வயது தாண்டலாம். இமை ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டுத் தோலை எடுத்துத் தைப்போம். கொஞ்சமாக எடுப்பதே என் கட்சி. போதாவிட்டால் இன்னொரு முறை எடுக்கலாம். கூடிப்போனால் இமை வெளியே தொங்கும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. தையல் பிரிக்கும்வரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயம். பாவம் என்று கழற்றிவிட்டால், குட்டி ஒரே இரவில் தையலைப் பிய்த்துவிடும்.

காக்கர் ஸ்பேனியலுக்கு இமை விளிம்பிலேயே கூடுதல் முடி முளைப்பதுண்டு. பிடுங்கினால் சில வாரத்தில் மறுபடி வரும். உரசித் தொந்தரவு செய்தால் வேரை உறையவைத்தோ மின்சாரத்தாலோ அழிக்க வேண்டும். விழிமேலேயே முடியுள்ள தோல்திட்டோடு பிறக்கும் குட்டிகளும் உண்டு. இவற்றுக்கு நுண்ணோக்கி வசதி வேண்டும் என்பதால் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவேன்.

அறுவைக்குப் பின் கண் அழகாகிவிடும். உடனே கிராஸுக்கு விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இமையைத்தான் தைத்திருக்கிறோம், குறை பரம்பரையில் அப்படியே இருக்கிறது. முகம் வளர்ந்த நாய்க்கு, உடல்நிலை இடம்கொடுத்தால், அதே மயக்கத்திலேயே கருத்தடையும் செய்துவிடலாம். இரண்டாவது முறை மயக்க மருந்துச் செலவும் மிச்சம்.